எண்பத்தேழு பதிலிகள்

மாநிலத் தலைமை வழக்கறிஞர் தேர்தல்களின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம், அதை வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான். சட்டமன்றத் தேர்தல் வரலாறு என்றால் பேராசிரியர்கள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். அரசாங்கத்துக்காகக் கோர்ட்டில் வாதாடும் வக்கீலையும் நாம்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பாதி ஜனங்களுக்கு ஞாபகமே இருப்பதில்லை. நான் கற்பகவல்லி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஐந்தாம் வகுப்புப் பாடநூலில் இரண்டு பாடங்கள் எழுதியிருக்கிறேன். அது போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

முதல் மூன்று அத்தியாயங்களைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். 2041-க்கு முன்னால் தலைமை வழக்கறிஞரை அரசாங்கமே நியமித்தது. ஆட்சி மாறினால் மறுநாள் காலையில் அவரும் மாறுவார். போன மாதம் ஒரு வழக்கறிஞர் "குற்றம் நடந்திருக்கிறது" என்று சொன்ன அதே வழக்கில், இந்த மாதம் இன்னொருவர் அதே நீதிபதி முன்னால் நின்று "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்பார். ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது. போராட்டம், சட்டத் திருத்தம், தேர்தல். முதல் தேர்தலில் ஒரு வேட்பாளர் கறுப்பு அங்கியைக் கழற்றாமல் மே மாத வெயிலில் பிரசாரம் செய்து மயங்கி விழுந்தார். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு முப்பத்தொரு பேர். இரண்டாம் தேர்தலில் பத்தொன்பது. சில வாக்குச்சாவடிகளில் அங்கே வேலைக்கு வந்த அதிகாரிகளின் ஓட்டு மட்டும்தான் விழுந்தது.

பாதிப் பேராவது வாக்களிக்காத தேர்தல் செல்லாது என்று அதன்பிறகு ஒரு விதி போட்டார்கள். மூன்றாம் தேர்தல் இரண்டு தடவை செல்லாமல் போனது. பதினான்கு மாதம் மாநிலத்துக்குத் தலைமை வழக்கறிஞரே கிடையாது, வழக்குகளுக்கு வாய்தா மேல் வாய்தா. கடைசியில் வீட்டுக்கு வீடு கெஞ்சி, எப்படியோ ஐம்பத்தொரு சதவீதம் தேற்றி, ஹபீபா பானு என்ற அம்மையார் ஜெயித்து வந்தார். இனி இப்படித் திண்டாடக்கூடாது என்றுதான் நான்காம் தேர்தலுக்குப் பதிலிகளைக் கொண்டுவந்தார்கள்.

நான்காம் அத்தியாயத்தில்தான் என் பேனா நின்றது.

பதிலி என்றால் என்ன என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ரூபன் என்ற இளம் பொறியாளர். 2053. அப்போது நான் மேலக்காணி நடுநிலைப் பள்ளி ஆசிரியை. தேர்தல் வேலை என்றால் முதலில் ஆசிரியர்கள் தலையில்தானே விழும். ஒவ்வொரு வாக்காளரின் வீட்டுக்கும் போய் நாற்பது கேள்விகள் கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வரவேண்டும். அந்தக் காலத்திலும் காகிதமா என்று கேட்பீர்கள். காகிதம் இல்லாவிட்டால் அரசாங்கத்துக்குத் தூக்கம் வராது.

"நாற்பது கேள்வியும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும் மேடம்" என்றார் ரூபன். "ஒருத்தரோட நாற்பது பதிலைப் பார்த்தா, நாற்பத்தோராவது கேள்விக்கு அவர் என்ன சொல்வார்னு மெஷினுக்குத் தெரிஞ்சிரும். அந்த நாற்பத்தோராவது கேள்விதான் ஓட்டு. அவர் சாவடிக்கு வந்தா அவரே போடுவார். வரலைன்னா அவரோட பதிலி போடும்."

பதிலைத் தப்பாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"இதுல தப்பு சரியெல்லாம் கிடையாது மேடம். அவங்க பதிலா இருக்கணும், அவ்வளவுதான்."

நான் தலையாட்டினேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும் செய்தேன். பிறகு நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஒதுக்கிய பகுதியில் உப்போடைத் தெருவும் இருந்தது. ஊருக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே ஓடை. அந்த வருஷ மழையில் ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. சுற்றிப் போனால் ஐந்து கிலோமீட்டர், அதில் பாதி சேறு. தெருவுக்குப் பின்னால்தான் பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் எடுக்கும் ஆலை. வாடை வீசும் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் நான் அதுவரை அந்தத் தெருவுக்குள் போனதே கிடையாது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பதினோரு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு நாளும் போனதில்லை.

பள்ளியில் சீருடை கொடுக்கும் நாள் வந்தது. பெற்றோர்கள் சுற்றுவழியாக வந்து சேர்ந்தார்கள். பெயரும் அட்டை எண்ணும் மட்டும் எழுதியிருந்த வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கினேன். வராதவர்களுக்கு வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பி வாங்கினேன். மீதியை நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை. டீச்சர் நீட்டினால் போடவேண்டியதுதான் என்று போட்டார்கள். இதில் எனக்கு உறுத்தலே இருக்கவில்லை. கணக்கெடுப்பு என்று எது வந்தாலும் நாங்கள் பாதிப் பேர் அப்படித்தான் செய்வோம். இரண்டு சனிக்கிழமை மதியம், வகுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பிளாஸ்க் காப்பியைக் குடித்துக்கொண்டு தொண்ணூற்று நான்கு படிவங்களையும் நிரப்பினேன். ஒரே கையாகத் தெரியக்கூடாது என்று நீலப் பேனாவையும் கறுப்புப் பேனாவையும் மாற்றி மாற்றி எழுதினேன். அந்த அளவுக்குக் கவனமாக இருந்திருக்கிறேன்.

ஹபீபா பானு அந்த ஆலைமேல் மாநிலத்தின் பெயரில் வழக்குப் போட்டிருந்தார். உப்போடைத் தெருப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. ஈயம் ஏறிய பிள்ளைக்கு வயிறு வலிக்கும், படித்தது நிற்காது. அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளை நான் மண்டூகம் என்று திட்டியிருக்கிறேன். செல்லக்கனி என்ற எட்டு வயதுப் பெண்ணை எட்டாம் வாய்ப்பாடு நூறு தடவை எழுத வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள்தான் அந்த வழக்கில் முதல் சாட்சி. கூண்டில் ஏறி, ஆலையின் வக்கீல்கள் மூன்று பேர் மாறி மாறி மடக்கியும் அசையாமல் நின்றவள்.

தேர்தலில் ஹபீபா பானுவை எதிர்த்து நின்றவர் வேதாசலம். வழக்குகளைக் குறைப்போம், பேசி முடிப்போம் என்பது அவருடைய பேச்சு. நாற்பத்தொரு மாவட்டங்களில் அதிக மாவட்டங்களை வெல்பவருக்கே பதவி. இருபதுக்கு இருபது என்று வந்து, எங்கள் மாவட்டம் மட்டும் பாக்கி நின்றது. அதில் ஐம்பத்தெட்டு வாக்கு வித்தியாசத்தில் வேதாசலம் ஜெயித்தார். வந்த மூன்றாம் மாதமே ஆலை வழக்கைப் பேசி முடித்தார். ஆலைக்காரர்கள் ஒரு பூங்காவும் குடிநீர்க் குழாயும் அமைத்துக் கொடுத்தார்கள். ஆலை இன்னும் ஆறு வருஷம் ஓடியது.

பதிலிகள் யாருக்குப் போட்டன என்ற விவரம் தெருவாரியாக வெளியே வராது. பன்னிரண்டு வருஷம் மூடி வைக்கவேண்டும் என்பது சட்டம். அந்தந்த வாக்காளருக்கு மட்டும் ஒட்டிய உறையில் ஒரு சீட்டு வரும். என் மனசைத் தேற்றிக்கொள்ள இது வசதியாக இருந்தது. மாவட்டத்தில் எத்தனை லட்சம் ஓட்டு, அதில் ஒரு தெரு எந்த மூலைக்கு என்று சொல்லிக்கொண்டேன். அப்படியே பதினான்கு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் வரலாற்று நூலுக்காக அந்த விவரங்களை எனக்குத் திறந்து காட்டினார்கள். உப்போடைத் தெரு: மொத்த வாக்காளர்கள் தொண்ணூற்று நான்கு. சாவடிக்கு நேரில் வந்தவர்கள் ஏழு. பதிலிகள் எண்பத்தேழு. வேதாசலம், எண்பத்தேழு. ஹபீபா பானு, பூஜ்யம். முப்பது ஓட்டு மாறி விழுந்திருந்தால் மாவட்டம் மாறியிருக்கும், மாநிலம் மாறியிருக்கும். அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஆவணக் காப்பாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஆராய்ச்சியில் மூழ்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

மறுநாள் காலையில் உப்போடைத் தெருவுக்குப் போனேன். இப்போது பாலம் புதிதாக இருக்கிறது. நடந்தால் பன்னிரண்டு நிமிஷம்.

பேச்சியம்மாள் வீட்டு முன்கூடத்தில் ஊறுகாய்க் கம்பெனிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பக்கத்தில் செல்லக்கனியும் உரித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். "டீச்சர், நல்லாருக்கீங்களா" என்று கேட்டாள். நல்லா இருக்கேன்மா என்றேன். ஐந்து நிமிஷம் கழித்து அதே சிரிப்போடு அதையே மறுபடியும் கேட்டாள். அவளுடைய அம்மா, அவ அப்படித்தான் டீச்சர், ஒண்ணும் நினைச்சுக்காதீங்க என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்.

வரும் வழியெல்லாம் சொல்லிவிடவேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். உட்கார்ந்ததும் வாய் வேறு பேசியது. தேர்தல் வரலாறு எழுதுகிறேன், அந்தத் தேர்தலைப் பற்றி உங்கள் தெருவில் நாலு வார்த்தை கேட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன்.

பேச்சியம்மாள் செல்லக்கனியை உள்ளே போய் உலை வைக்கச் சொன்னாள். அவள் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எம் புருசனுக்குக்கூடச் சொன்னதில்ல டீச்சர். நீங்க பேரு போடாம எழுதுவீங்கன்னா உங்ககிட்ட சொல்லுதேன்."

சொல்லுங்கள் என்றேன். சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு உறையை எடுத்துவந்தாள். சீட்டு மடிப்பில் கிழிந்திருந்தது. உங்கள் பதிலி வாக்களித்த வேட்பாளர்: வேதாசலம்.

"அன்னைக்கு மழை. பாலமும் இல்ல. இவளுக்கு வேற வயித்து வலி தாங்கல. பதிலிதான் இருக்கே, அட்டை நம்பரை வச்சே மிசினுக்கு எல்லாம் தெரியும்னாக, நம்ம மனசு அதுக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன். தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா. கோர்ட்டுல ஏறி எம் பிள்ளைக்கு நியாயம் வேணும்னு சொன்னவ நானு. ஆனா உள்ளுக்குள்ள, போதும்டி, விட்டுருவோம்னு இருந்திருக்கு. எனக்கே தெரியாம இருந்ததை மிசினு கண்டுபிடிச்சிருச்சு."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். வழக்கைப் பேசி முடித்த பிறகு, தெருக்காரர்கள் சேர்ந்து மேல்முறையீடு செய்யலாம் என்று பட்டணத்திலிருந்து ஒரு வக்கீலம்மா வந்திருக்கிறார். பேச்சியம்மாள் சாட்சி சொன்னால் வழக்கு நிற்கும் என்று இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கெஞ்சியிருக்கிறார். இவள் போகவில்லை.

"மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு சத்தியம் பண்ணி எப்படி டீச்சர் சாட்சி சொல்லுறது? நான் யோக்கியமா இருந்திருந்தா போயிருக்கலாம். நான் போகாததால அது நின்னு போச்சு. தெருவே எம்மேல கோவமா இருந்தது. ஆலைக்காரன்கிட்ட விலை போயிட்டான்னுகூடப் பேசினாக. பேசட்டும்னு விட்டுட்டேன். அப்பவே ஆலையை நிறுத்தியிருந்தா இவ தேறியிருப்பான்னு டாக்டர் சொன்னாரு. நாந்தான் டீச்சர். எம் பிள்ளையை நாந்தான் இப்படி ஆக்கிட்டேன்."

நான் எண்பத்தேழு என்ற ஒரு எண்ணோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டு, தூங்கி, பதவி உயர்வு வாங்கிய அத்தனை வருஷமும் என் பாவத்தை இந்தப் பெண் சுமந்திருக்கிறாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து தரையில் உட்கார்ந்தேன்.

சொன்னேன். சீருடை நாள், வெற்றுப் படிவம், இரண்டு சனிக்கிழமை, இரண்டு பேனா, எல்லாவற்றையும் சொன்னேன். பதிலியிடம் இருந்தது உன் மனசு இல்லை, நான் எழுதிய பதில்கள்தான் என்றேன். மெஷின் உன்னைப் பார்த்ததே கிடையாது என்றேன்.

பேச்சியம்மாள் பூண்டை உரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஒரு பல், இன்னொரு பல். நான் முடித்த பிறகும் இரண்டு பல் உரித்தாள்.

"எத்தனை பேருக்கு இப்படி?"

"சாவடிக்கு வந்த ஏழு பேரைத் தவிர எல்லாருக்கும். எண்பத்தேழு பேர்."

அவள் நிமிர்ந்து எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு அம்மாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அப்ப குருவம்மா அக்காகிட்டயும் இதே சீட்டு இருக்கும்" என்றாள். "எம்மேல காறித் துப்பினவ. அவளும் ஒளிச்சுதான் வச்சிருப்பா."

கத்துவாள், வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"சரி, விடுங்க. நீங்க உங்க மனசுல பட்டதை எழுதிட்டீங்க. உங்களுக்கு வேதாசலத்தைப் பிடிச்சிருந்தது, அவருக்குப் போயிருச்சு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மனசு. படிச்சவங்க நீங்க, பேசி முடிச்சா நல்லதுன்னு நினைச்சிருப்பீங்க. அப்படித்தானே?"

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் எனக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தாள். சோம்பேறி, ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் பெயரை என்னால் தாங்கிக்கொள்ள முடியும். ஆமாம் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது.

"இல்ல பேச்சியம்மா" என்றேன். "நான் ஓட்டுப் போட்டது ஹபீபா பானுவுக்கு. என்னோட படிவத்துல என் பதிலை எழுதினேன். உங்க படிவத்துல நான் என் மனசை எழுதல."

"அப்ப?"

"உங்க தெரு ஜனங்க என்ன சொல்வாங்கன்னு நான் நினைச்சேனோ, அதை எழுதினேன்."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. நான் புரியவைக்கவேண்டியிருந்தது, அதுதான் எனக்கு வந்த தண்டனை. பதினேழாவது கேள்வி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது என்றேன். உங்களுக்கு ஒரு பெரிய அநியாயம் நடந்தால் நீதிமன்றம் வரை போவீர்களா, கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேசி முடித்துக்கொள்வீர்களா? என் படிவத்தில் நீதிமன்றம் போவேன் என்று எழுதினேன். உப்போடைத் தெருவின் தொண்ணூற்று நான்கு படிவங்களிலும் பேசி முடித்துக்கொள்வேன் என்று எழுதினேன். யோசிக்கக்கூட இல்லை. இந்த ஜனங்கள் வேறு என்ன சொல்லப்போகிறார்கள் என்று எழுதினேன். பேச்சியம்மாள் கூண்டில் ஏறி நின்ற செய்தியை அதே வாரம் நாளிதழில் படித்திருந்தேன். படித்துவிட்டும் அவளுடைய படிவத்தில் அப்படித்தான் எழுதினேன்.

மெஷின் அன்றைக்குத் தப்பே செய்யவில்லை. உப்போடைத் தெரு மக்களைப் பற்றி நான் என்ன நினைத்திருந்தேன் என்பதை அது எண்பத்தேழு தடவை சரியாகச் சொல்லியிருக்கிறது.

பேச்சியம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். கையில் ஒட்டியிருந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"அந்தக் கேள்வியை இப்பக் கேளுங்க."

"எதுக்குப் பேச்சியம்மா?"

"என்கிட்டக் கேக்க வேண்டிய கேள்விதானே. கேளுங்க."

கேட்டேன். உங்களுக்கு ஒரு பெரிய அநியாயம் நடந்தால் நீதிமன்றம் வரை போவீர்களா, கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேசி முடித்துக்கொள்வீர்களா? அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடியும் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், பரீட்சையில் தெரிந்த பதிலைத் தேடுகிற பிள்ளையைப்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. அவள் கண்ணில் நீர் வந்தது அப்போதுதான்.

"அன்னைக்குக் கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருப்பேன் டீச்சர். என்ன சொல்லியிருப்பேன்னு இப்ப எனக்கே தெரியல. பதினாலு வருசமா நான் இப்படிப்பட்டவதான், இப்படிப்பட்டவதான்னு சொல்லிச் சொல்லி, அந்தப் பழைய ஆளு எங்க போனான்னே தெரியல. அதையும் எடுத்துட்டீங்க."

மன்னித்துவிடு என்று கேட்டால், மன்னிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற வேலையையும் அவள் தலையில்தான் வைக்கிறேன்.

உள்ளேயிருந்து செல்லக்கனி வந்து எட்டிப் பார்த்தாள். டீச்சர், நல்லாருக்கீங்களா என்றாள்.

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை அதை ஒளிக்கவில்லை. வாசலுக்குப் போய், பதினான்கு வருஷமாகப் பேசாத எதிர்வீட்டைப் பார்த்து நின்றாள்.

"குருவம்மாக்கா, இங்க ஒரு நிமிசம் வா. டீச்சர் ஒண்ணு சொல்லணுமாம்."

கொடியில் பாதித் துணியை அப்படியே போட்டுவிட்டு அந்த அம்மாள் தெருவைக் கடந்து வந்தார். அவர் உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு சீருடை நாளிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.